திகதிக்குப் பின்பக்கம் பார்க்கவும்

இந்தக் கோடையில் என் மகள் பள்ளிக்கூடத்துப் பரிமாற்றப் பயணத்தில் ஜப்பானுக்குப் போய் வந்தாள். வந்த அன்று பயணப்பையைக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டினாள். அழுக்குத் துணிகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி. ஓரத்தில் இளஞ்சிவப்பில் ஒரு பீச் பழம். அதன் பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்பு எழுத்து. உள்ளே ஆறு கிண்ணம் பீச் ஜெலி.

"ஸ்டேஷன்ல வாங்கினனான் அப்பா. அந்த ஊர்ல இதுதானாம் விசேஷம். சாப்பிடுங்கோ."

நான் பெட்டியைத் திருப்பினேன். பின்பக்கம் பார்த்தேன், அடிப்பக்கம் பார்த்தேன், மறுபடி முன்பக்கம் பார்த்தேன்.

"என்னப்பா தேடுறீங்கள்?"

"லேபிள் இல்லை."

"ஜப்பான்ல வாங்கின சாமானில ஜெர்மன் லேபிள் எப்பிடி இருக்கும்? உங்களுக்கு விசரே?"

அவள் சொன்னது சரிதான். ஒரு கிண்ணத்தைத் திறந்து என் கையில் தந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். பீச் மணம் வந்தது. அதற்குப் பின்னால் பசை மணமும் வந்தது. பெட்டியில் பசை ஏதும் கிடையாது. என் மூக்கு தானாகச் சேர்த்துக்கொண்டது.

பீச் பழத்தை மோந்தால் பசை மணக்கிற ஆள் இந்த நாட்டில் இரண்டு பேர்தான் இருக்க முடியும். ஒருவன் நான். மற்றவர் புனிதம் அக்கா.

இரண்டாயிரங்களின் நடுவில் நான் டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பான்காரரின் மளிகைக் கடையில் வேலை செய்தேன். கடையில் என்று சொன்னால் நீங்கள் கண்ணாடிக் கதவும் குனிந்து வணங்கும் பெண்களும் என்று நினைப்பீர்கள். நான் அதற்குக் கீழே, கெல்லரில் இருந்தேன். ஜன்னல் இல்லாத நிலவறை. ஒரு நீள மேசை, இரண்டு நாற்காலி, மேலே ஓடும் வெந்நீர்க் குழாய். ஜப்பானிலிருந்து வரும் சாமான்களில் எல்லாம் ஜப்பான் எழுத்து. உள்ளே என்ன இருக்கிறது என்று ஜெர்மனில் எழுதி ஒட்டாமல் இங்கே விற்கக் கூடாது, அது சட்டம். மேலே அலுவலகத்தில் லேபிள்களை அச்சடித்துச் சுருளாக அனுப்புவார்கள். கீழே நாங்கள் இரண்டு பேரும் ஒட்டுவோம். காலையில் தொடங்கினால் பின்னேரம் வரை உரித்து ஒட்டு, உரித்து ஒட்டு. ஒருநாள் ட்ராமில் முன்னால் இருந்தவரின் பிடரியைப் பார்த்து, இங்கே ஒட்டினால் நேராக இருக்கும் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு ஒட்டியிருக்கிறேன்.

எனக்கு அப்போது டுல்டுங். அந்தத் தாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உன்னை இங்கே இருக்க விடவில்லை, ஆனால் இன்றைக்குத் துரத்தவும் இல்லை என்பதை ஒரு அரசாங்கம் முத்திரை குத்திச் சொல்லும் தாள் அது. மாநிலத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கும். வேலை செய்யத் தனியாக அனுமதி வாங்கவேண்டும். அந்த அனுமதியும் அந்த ஒரு கடைக்கு மட்டும்தான்.

புனிதம் அக்காவுக்கு என்னைவிட ஒருபடி நல்ல தாள், விசா. அவருக்கு நாற்பது வயதிருக்கும். கணவர் யாழ்ப்பாணத்தில் காணாமல் போனவர். ஒரே மகள் தர்சி. ஏழு வயதில் அவளைக் கொழும்பில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு அக்கா ஏஜென்சிக்காரனோடு புறப்பட்டு வந்தவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது தர்சிக்குப் பதினாலு. மகளை இங்கே கூப்பிடுவதற்கு அக்காவிடம் நிரந்தர வேலை இருக்கவேண்டும், வருமானம் காட்டவேண்டும், வீட்டில் அவளுக்கு இடம் இருக்கவேண்டும். எல்லாம் அவளுக்குப் பதினாறு வயது ஆவதற்குள் சரியாக இருக்கவேண்டும். பதினாறுக்குப் பிறகு அவள் பிள்ளை இல்லையாம். அப்படி யார் கண்டுபிடித்தார்களோ. அக்கா இதைச் சொல்லும்போது அழமாட்டார். ஒரு சோஸ் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொல்வார்.

"எல்லாச் சாமானுக்கும் ஒரு திகதி போட்டிருக்கிறாங்கள் தம்பி. என்ர பிள்ளைக்கும் போட்டிருக்கிறாங்கள்."

ஒருமுறை பெட்டிகளுக்குள் ஒரு மடித்த தாள் கிடந்தது. பயணிகளுக்கு என்று அச்சடித்தது. விரித்தால் மேசையில் பாதி. ஜப்பான் வரைபடம், ஒவ்வொரு ஊருக்கும் மேலே அந்த ஊர்ச் சாப்பாட்டின் படம், கீழே ஓரமாக எந்த மாதம் எந்தப் பழம் என்று ஒரு வரிசை. சின்ன இங்கிலீஷ் எழுத்தில் பெயர்களும் இருந்தன. யமகதாவில் ஜூன் மாதம் செரி. ஒகயாமாவில் ஜூலை, ஓகஸ்ட் வெள்ளைப் பீச். நவம்பரில் அவோமோரி அப்பிள். குளிரில் வகயாமா தோடம்பழம். எந்த ரயில் நிலையத்தில் எந்தச் சாப்பாட்டுப் பெட்டி வாங்கவேண்டும் என்றுகூட இருந்தது. அந்த நாட்டு மனிதர் ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊர்ச் சாமானைச் சாப்பிடாமல் வரமாட்டார்கள். சாப்பிட்டால் மட்டும் போதாது, வேலையிடத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று கணக்காகப் பெட்டி வாங்கி வரவேண்டும்.

அக்கா அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார். ஒட்டுவதற்கு எங்களிடம் என்ன குறை. அதற்குப் பிறகு அந்தத் தாளைப் பார்த்துத்தான் எங்களுக்கு மாதம் தெரிந்தது. கெல்லரில் கோடையும் ஒன்றுதான் குளிரும் ஒன்றுதான். சாமான் வந்தால் தெரியும். செரி ஜெலி இறங்கினால் மேலே ஜூன். அக்கா தர்சிக்கு மிச்சமிருக்கும் காலத்தையும் அதில்தான் எண்ணினார். அவள் பிறந்தது நவம்பரில்.

"இன்னும் ஒரு செரி, ஒரு பீச், ஒரு அப்பிள். அப்பிளுக்கு முதல் பிள்ளை வந்திடவேணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன்கார்ட் சுரண்டித் தர்சிக்கு எடுப்பார். பேச என்ன இருக்கிறது? ஜெர்மனியில் அக்கா பார்த்தது கெல்லரும் பஸ் நிறுத்தமும். அதனால் ஜப்பானைப் பற்றிச் சொல்வார். ஒரு முலாம்பழத்தை இரண்டு பேர் பிரித்துச் சாப்பிட ஒரு கலியாணச் செலவாகுமாம், திராட்சையை ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்றி வைப்பார்களாம். அந்தப் பிள்ளை தன் தாய் வேலை செய்வது ஜப்பானில் என்றே கொஞ்சக்காலம் நினைத்திருந்தது என்று அக்கா சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

தெற்கே மியசாகி என்று ஒரு ஊர். அதற்கு மேலே மாம்பழப் படம். அதைப் பார்த்தால் அக்காவுக்குக் கோபம் வரும்.

"பாரன், மாம்பழத்தைப் பெட்டியில பஞ்சு வைச்சுப் படுக்க வைச்சிருக்கிறாங்கள். அதென்ன, காய்ச்சலே அதுக்கு?"

"நல்ல இனிப்பாம் அக்கா."

"நீ சாப்பிட்டனியே?"

"இல்லை."

"பிறகென்ன வாய். உன்ர முகத்திலயும் ஒரு லேபிள் ஒட்டவேணும். உள்ளுக்க ஒண்டும் இல்லை எண்டு."

தர்சி வந்தவுடனே மூன்று பேருமாக அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஜப்பானுக்குப் போவது என்று ஒரு திட்டம் இருந்தது. வடக்கே அப்பிளில் தொடங்கித் தெற்கே மாம்பழத்தில் முடிப்பது. எனக்குப் பாரிஸுக்குப் போகவே ஏலாது என்பதை நாங்கள் அந்தத் திட்டத்தில் சேர்க்கவில்லை. அக்கா ஊர்களுக்குப் பக்கத்தில் பேனாவால் சின்னச் சின்னப் புள்ளி வைத்தார். இங்கே இறங்குவது, இங்கே சாப்பிடுவது.

கடைக்காரர் ஓனோவும் வருடத்தில் இரண்டு தரம் ஊருக்குப் போவார். திரும்பி வந்தால் தேநீர் மேசையில் ஒரு பெட்டி இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றிய இனிப்பு. ஆளுக்கு ஒன்று. கெல்லரில் இருந்த எங்களையும் எண்ணித்தான் வாங்கியிருப்பார். வேறு எந்தக் கணக்கிலும் என்னை யாரும் எண்ணாத காலம் அது. அதனால் அந்த மனிதரைத் திட்டுவதற்கு எனக்கு இன்றைக்கும் வாய் முழுதாக வருவதில்லை.

நான் என் பங்கை அந்த இடத்திலேயே வாயில் போட்டுவிடுவேன். அக்கா சாப்பிடமாட்டார். ஒரு பிஸ்கட் தகரம் வைத்திருந்தார். அதில் போட்டு வைப்பார், தர்சிக்கு. பிள்ளை வந்து இறங்கும் அன்று கொடுப்பதற்கு. இனிப்புக்குத் திகதி முடியும் அல்லவா? அதை அக்கா ஒவ்வொரு திங்களும் எடுத்துப் பார்ப்பார். திகதி முடிகிற அன்று அதைத் தான் சாப்பிடுவார். புதிதாக வந்ததை உள்ளே வைப்பார். பிள்ளைக்கு வைத்தது பழுதாகக் கூடாது. இதை ஓனோவும் பார்த்திருக்கிறார். ஒருநாள் படியில் நின்று பார்த்துவிட்டுத் தலை குனிந்து வணங்கிவிட்டு மேலே போனார். நான் இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கடையில் திகதியை மறைக்கவே மாட்டார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அக்காதான்.

இனிப் பீச் ஜெலிக்கு வருகிறேன்.

ஜூலையில் ஜப்பான்காரர்கள் ஒருவருக்கொருவர் பரிசுப் பெட்டி கொடுப்பார்கள், அது அவர்களின் வழக்கம். அதற்காகக் கோடை தொடங்கும்போது ஒகயாமா பீச் ஜெலி பெட்டி பெட்டியாக இறங்கும். ஓனோவின் கட்டளை, லேபிளை முன்பக்கத்தில் கீழே ஒட்டவேண்டும், கடையின் அடுக்குத் தட்டில் வைத்தால் கண்ணில் படவேண்டும். லேபிள் பெரியது, பெட்டி சின்னது. முன்பக்கத்தில் கீழே ஒட்டினால் அந்தச் சிவப்பு எழுத்தில் பாதி போய்விடும்.

சாமான் தூக்கிக்கொண்டு மேலே போன ஒருநாள் தட்டுக்கு முன்னால் ஒரு ஜப்பான் பெண் நின்றதைக் கண்டேன். டுசல்டோர்ஃபில் இருக்கும் ஜப்பான் கம்பனிகளுக்கு மூன்று வருடம் நான்கு வருடம் என்று வரும் ஆட்களின் மனைவிமாரில் ஒருத்தி. கையில் பீச் பெட்டி. நகத்தால் என் லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் களவு செய்து பிடிபட்ட மாதிரிப் பயந்தாள். அவளுடைய ஜெர்மனும் என்னுடைய ஜெர்மனும் ஒரே தரம், அதனால் நன்றாக விளங்கியது. லேபிளுக்குக் கீழே இருப்பது ஊர்ப் பெயர். ஒகயாமா. அது அவளுடைய ஊர். இதைத் தன் சிநேகிதிக்குக் கொடுக்கப் போகிறாள். ஊர்ப் பெயர் இல்லாமல் எப்படிக் கொடுப்பது? தயவுசெய்து வேறு இடத்தில் ஒட்ட முடியுமா?

முடியும் என்றேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒட்டியும், நான் எதன் மேல் ஒட்டுகிறேன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எத்தனை ஊரை மூடினேனோ. அன்றைக்கு எனக்குள் ஏதோ பெரிய நீதிமான் எழுந்துவிட்டான்.

அடுத்த பெட்டிகள் வந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அக்காவுக்கு அன்று காலை வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், நேரம் குறித்துக் கொடுத்த சந்திப்பு. தர்சியின் அன்ட்ராக், அதாவது மகளைக் கூப்பிடும் விண்ணப்பம், கடைசித் தாள்களோடு கொடுக்கவேண்டிய நாள். முந்திய மாதங்களில் அலைந்து அலைந்து லீவு எல்லாம் முடிந்துபோயிருந்தது. இன்னொன்று கேட்டால் ஓனோ முகத்தைச் சுளிப்பார், சுளித்தால் வேலைச் சான்றுக் கடிதத்தில் என்ன எழுதுவாரோ என்று அக்காவுக்குப் பயம்.

"நீங்கள் போங்கோ அக்கா. உங்கட பங்கையும் நான் ஒட்டுறன். கீழ ஒருத்தரும் வரமாட்டினம்."

"தாளில கையெழுத்து?"

"அதையும் நான் போடுறன்."

ஒவ்வொரு பெட்டி வகையையும் யார் ஒட்டினது என்று ஒரு தாளில் பெயரின் முதல் எழுத்தைப் போடவேண்டும். பீச் அக்காவின் பங்கு. நான் ஒட்டினேன், அவர் எழுத்தைப் போட்டேன். முன்பக்கத்தில் ஒட்டவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சொன்னபடி ஊர்ப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் ஒட்டினேன். பின்பக்கத்து மூலையில் புள்ளி புள்ளியாக ஏதோ இலக்கம் இருந்தது. ஏதோ சரக்கு எண் என்று நினைத்தேன். ஜப்பானில் முதலில் வருடம், பிறகு மாதம், கடைசியில் நாள். அது திகதி மாதிரியே எனக்குத் தெரியவில்லை. வேலை முடிந்து எழும்பி நின்று பார்த்தேன். மேசை முழுக்க வெள்ளைப் பெட்டிகள், எல்லாவற்றிலும் சிவப்பில் ஒகயாமா. வாசிக்கத் தெரியாத ஒரு ஊர்ப் பெயரைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன்.

மத்தியானம் அக்கா வந்தார். முகம் வேறு மாதிரி இருந்தது. அலுவலகத்தில் இருந்த பெண் எல்லாத் தாளும் சரி என்று சொன்னாளாம். வேலை மட்டும் இப்படியே இருக்கட்டும், கடைக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்போம், செப்டெம்பரில் விசா கிடைக்கும் என்றாளாம்.

"அப்பிளுக்கு முதல்!" என்றார் அக்கா. என் தோளில் ஓங்கி ஒரு அடி. அன்றைக்குத் தகரத்தைத் திறந்து ஓர் இனிப்பை எடுத்து என்னிடம் தந்தார். தர்சியின் இனிப்பு. அதையும் நான் அந்த இடத்திலேயே தின்றேன்.

இரண்டு கிழமை கழித்து உணவுப் பரிசோதகர்கள் வந்தார்கள். சும்மா வழக்கமாக வருவது. தட்டில் இருந்து எடுத்த ஒரு பீச் பெட்டியோடு ஓனோ அவர்களைக் கெல்லருக்கே கூட்டிக்கொண்டு வந்தார். பரிசோதகர்களில் ஒருத்தி பெட்டியைத் திருப்பிப் பிடித்து லேபிளின் கடைசி வரியைச் சத்தமாக வாசித்தாள்.

"திகதிக்குப் பின்பக்கம் பார்க்கவும்."

பார்த்துக்கொண்டிருந்ததே பின்பக்கம். அந்த வரி திகதிக்கு மேலேயே ஒட்டியிருந்தது. அந்த வரியை நான் எத்தனையோ ஆயிரம் தரம் ஒட்டியிருக்கிறேன், ஒருதரமும் வாசித்ததில்லை. அவள் லேபிளை உரித்தாள். எங்கள் பசை நல்ல பசை. அச்சும் சேர்ந்து வந்துவிட்டது. அடுத்த பெட்டியையும் உரித்தாள். அதிலும் அப்படித்தான். பழைய சரக்குக்குத் திகதியை மூடி விற்கிறார்கள் என்று அவர்கள் நினைத்தால் இல்லை என்று காட்ட ஒரு பெட்டிகூட மிஞ்சவில்லை. சரக்குப் புதியதுதான். யாருக்கு அதை நிரூபிப்பது?

ஓனோ அவர்களுக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்தார். நிமிரவே இல்லை. அவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு மேலே போன பிறகுதான் நிமிர்ந்தார். சுவரில் மாட்டியிருந்த கையெழுத்துத் தாளை எடுத்தார். பீச்சுக்கு நேரே அக்காவின் எழுத்து.

"யார்?" என்று கேட்டார். எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். ஒரு லேபிளை உரித்து ஒட்டுகிற நேரம். அவ்வளவுதான் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். பயணிகளுக்கான அந்தத் தாளில் ஒகயாமாவின் பீச் பழத்துக்கு ஒரு இலை வரைந்திருந்தார்கள். அந்த இலையில் மூன்று நரம்பு. என் வேலை அனுமதி இந்தக் கடைக்கு மட்டும்தான், இந்த வேலை போனால் நான் கொழும்புக்குப் போகும் விமானத்தில். இதெல்லாம் பிறகு யோசித்துச் சொல்வது. அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை, இலையின் நரம்பை எண்ணினேன்.

"நான்," என்றார் அக்கா.

"நீங்களா?" என்றார் ஓனோ. "திகதி பார்க்கிற நீங்களா?"

அவர் நம்பவில்லை. என்னையும் ஒருதரம் பார்த்தார். அங்கே எனக்காக ஒரு கதவு திறந்து கிடந்தது. நான் அதையும் பார்த்தேன். பிறகு அவர் மேலே போனார். அக்காவைக் கூப்பிட்டார்கள். கால் மணித்தியாலத்தில் அக்கா திரும்பி வந்து பையை எடுத்தார், சால்வையை எடுத்தார், பிஸ்கட் தகரத்தை எடுத்தார்.

"அக்கா, நான் மேல போய்ச் சொல்லுறன்."

"என்னத்தைச் சொல்லுவாய்? நான் அண்டைக்கு வேலைக்கு வரேல்லை எண்டே? வராமல் வந்தது எண்டு எழுதினதுக்கும் என்னை வெளியிலதான் விடுவாங்கள். பிறகு உன்னையும். ரெண்டு பேரும் தெருவில நிண்டு என்ன செய்யிறது?"

நான் மேசையில் கிடந்த லேபிள் சுருளை நேராக வைத்தேன்.

"சொல்லுறதெண்டா அவர் கேக்கேக்க சொல்லியிருக்கவேணும்," என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. சுவரில் இருந்த தாளைக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை.

"அது கிடக்கட்டும். உனக்கு மாதம் தெரியவேணுமே."

அவர் போன பிறகு நான் வேலையைத் தொடர்ந்தேன். பீச் பெட்டிகளைக் குப்பைக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். பிறகு சோயாச் சோஸ் இருந்தது, அதை ஒட்டினேன். கை நடுங்கியது, சோறு இறங்கவில்லை என்றெல்லாம் எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நன்றாகச் சாப்பிட்டேன். நித்திரையும் வந்தது. உள்ளுக்க ஒண்டும் இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அலுவலகத்துக் கடிதம் கடைக்கு வந்தது. இந்தப் பெண் இன்னும் உங்களிடம் வேலை செய்கிறாரா? இல்லை என்று ஓனோ எழுதினார். பொய் எழுத முடியாது, அவர் பொய் எழுதாத மனிதர். அக்கா அலைந்து திரிந்து ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை எடுத்தார். தர்சிக்குப் பதினாறு ஆன நாளில் அக்காவிடம் புது வேலையின் ஒரே ஒரு சம்பளத் துண்டுதான் இருந்தது. ஒன்று போதாது. வருமானம் உறுதியில்லை என்று மறுத்துவிட்டார்கள். பதினாறுக்குப் பிறகு போட்ட விண்ணப்பத்தில், பிள்ளைக்கு ஜெர்மன் தெரியுமா என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததெல்லாம் ஜப்பானில் எந்த ஊரில் என்ன பழம் என்பதுதான்.

அந்த நவம்பரில் அவோமோரி அப்பிள் சாறு இறங்கியது. நான் ஒட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது. டுல்டுங்கில் நீண்டகாலம் இருந்தவர்களில் வேலை உள்ளவர்களுக்கு விசா கொடுக்கலாம் என்று. எனக்கு வேலை இருந்தது. விசா கிடைத்தது. கலியாணம் கட்டினேன், மகள் பிறந்தாள். ஏன் வேலை இருந்தது என்று எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்கவில்லை. என் மனைவிக்கும் நான் சொன்னதில்லை.

தர்சி இருபது வயதில் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனாள். அக்கா அவளை மறுபடி நேரில் கண்டது, அவள் கையில் ஒரு பிள்ளையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக விமான நிலையத்துக்குக் கூப்பிட வந்தபோது. எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டது. தாயை "நீங்கள், வாங்கோ" என்று விருந்தாளி மாதிரி நடத்துகிறாளாம். நல்ல பிள்ளையாம். மரியாதையான பிள்ளையாம்.

அக்கா இப்போது பீலெஃபெல்டில் இருக்கிறார். சில வருடங்களுக்கு முன் டோர்ட்மண்டில் ஒரு கலியாண வீட்டில் கண்டேன். ஓடி ஒளிய இடம் பார்த்தேன். அதற்குள் அவர் என்னைக் கண்டுவிட்டார். ரோல்ஸ் தட்டோடு வந்து என் தட்டில் இரண்டை வைத்தார்.

"என்னடா தம்பி, மெலிஞ்சு போனாய். மனுசி சமைக்கிறேல்லையே?"

பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்னை அறிமுகமும் செய்துவைத்தார்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஜப்பான்காரன்ர கடையில ஒண்டா வேலை செய்தனாங்கள். இவன் நல்லா ஒட்டுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் யாருக்கும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. திட்டியிருக்கலாம். அந்த ரோல்ஸை என் முகத்தில் எறிந்திருக்கலாம். நான் இரண்டையும் சாப்பிட்டேன். நல்ல உறைப்பு.

ஓனோ கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது பெரிய உறிஞ்சு குழாயோடு இனிப்புத் தேநீர் விற்கிறார்கள், வெளியே பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். கெல்லர் என்ன ஆனது தெரியாது. ஜெர்மன் எழுத்து இப்போது பெரும்பாலும் பெட்டியோடு அச்சாகியே வருகிறது, ஒட்டுவதற்கு ஆள் தேவையில்லை. போன்கார்ட் இல்லை. நகத்தால் சுரண்டிய அந்தப் பெண்ணும் அவள் புருஷனின் தவணை முடிந்து அந்த வருடமே போயிருப்பாள். தன் ஊர்ப் பெயருக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியாது. கடை மூடிய அன்று அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுக்கப் பார்த்தேன். நாங்கள் ஒட்டியது அல்லவா. அக்கா புள்ளி வைத்த ஊர்கள் எல்லாம் சுவரோடு போய்விட்டன, என் கையில் வந்தது ஓரத்துக் கடல் மட்டும்.

மகள் கொண்டுவந்த ஆறு ஜெலியில் நான் ஒன்று, மனைவி ஒன்று, மகள் ஒன்று. இரண்டைச் சிநேகிதிகளுக்குக் கொண்டுபோனாள். மிஞ்சிய ஒன்றை யாருக்கு என்று கேட்டாள்.

"பீலெஃபெல்டில ஒரு அக்கா இருக்கிறா. அவவுக்கு."

"எந்த அக்கா? நீங்கள் சொன்னதே இல்லையே."

"பழைய வேலையில."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தகப்பனின் பழைய வேலையில் என்ன அக்கறை. பெட்டியோடு அதை ஃபிரிட்ஜில் பின்னுக்குத் தள்ளி வைத்தேன். பீலெஃபெல்டுக்கு ரயிலில் இரண்டு மணித்தியாலமும் ஆகாது. அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தச் சனிக்கிழமை என்று நினைத்தேன்.

இப்போது நவம்பர். பெட்டியின் பின்பக்கத்து மூலையில் திகதி தெளிவாக இருக்கிறது, மேலே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு நாள். இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும். போன செவ்வாயோடு முடிந்துவிட்டது.

அக்கா என்றால் அன்றைக்கே எடுத்துச் சாப்பிட்டிருப்பார். நான் எடுக்கவில்லை. அது அங்கேயே இருக்கிறது.